ஒத்தை பேட்டரி

அத்தியாயம் 7

"ஒண்ணு! ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன்! மூணு கிடக்குதுல்ல—"

"மூணு கிடந்தா என்ன, முப்பது கிடந்தா என்ன? செத்தவன் சாமான்யா அது! போலீஸ் என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கு—"

"நான் என்ன ஓசியிலயா கேட்கிறேன்?"

"வித்தா மூணையும் சேர்த்துதான் விப்பேன். ஒத்தையைக் கழட்டினா மிச்சத்தை எவன் வாங்குவான்? முட்டையா இது, எண்ணி எடுத்துட்டுப் போறதுக்கு!"

"இதே கம்பெனி, இதே அளவு, ஒண்ணு வேணும். குடுடா!"

"டா போட்டுப் பேசினே, நாக்கை—"

நாக்கை என்ன செய்வதாக இருந்தார் என்பது தெரியாமலே போய்விட்டது. டெய்லரின் கைக்கு ஸ்பேனர் எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பேட்டரிக்காரரின் தாடையில் அது இறங்கிய சத்தம்தான் பட்டறை முழுக்கக் கேட்டது. அவர் டயர் அடுக்கின் மேல் சாய்ந்தார். ஒரு பல் அவருக்கு முன்னால் தரைக்குப் போய்ச் சேர்ந்தது.

டெய்லர் மறுபடி கையை ஓங்கினார். அதற்குள் வாசலிலிருந்து ஒரு சுருட்டைத் தலை பாய்ந்து வந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தது.

"ஐயா, ஐயா! துணியை அளந்துட்டுத்தானே வெட்டுவீங்க? ஆளை மட்டும் அளக்காம அடிக்கிறீங்களே!"

டெய்லர் பின்னங்காலால் ஓர் உதை விட்டார்.

"அம்மாடி! தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சுக் காலை இரும்பாக்கி வெச்சிருக்கார், அண்ணி! சீக்கிரம் வாங்க, என் முழங்காலை ரெண்டா வெட்டித் தைக்கிறார்!"

அண்ணி நிதானமாக வந்து டெய்லரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். இன்ஷூரன்ஸுக்காக, மோதின வண்டிகளைப் பார்த்து எந்த வண்டி பொய் சொல்கிறது என்று சொல்கிற வேலையில் இருபது வருடம் இருந்தவள். இப்போது மனிதர்களைப் பார்த்துச் சொல்கிறாள். ஊரே அவளை அண்ணி என்று கூப்பிடும். சுருட்டைக்கு மட்டும் அவள் நிஜ அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி.

"உட்காருங்க டெய்லர்," என்றாள். டெய்லர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழுதார்.

அழுவதற்குக் காரணம் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் புகுந்த வீட்டு மாடிப்படியின் கீழே செத்துக் கிடந்தாள். வழுக்கி விழுந்தாள் என்றான் புருஷன். அடித்துத் தள்ளினான் என்றார் டெய்லர். அந்த நேரத்தில் வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் மாமியார் மட்டும்தான். வழக்கு திங்கட்கிழமை. சாட்சி சொல்ல வேண்டிய அந்த அம்மாளோ, விசாரணை ஆரம்பித்த வாரமே காணாமல் போய்விட்டாள்.

"என் சம்பந்தியம்மாவைக் கண்டுபிடிச்சுக் குடுங்க," என்று டெய்லர் அண்ணியிடம் வந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு தம்பி. பழைய லாரிக்காரர், சக்கரம் வைத்த வீடு ஒன்றில் ஊர் ஊராகத் திரிகிறவர். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன். அக்காவை அவர்தான் ஒளித்து வைத்திருப்பார் என்று அண்ணிக்குப் பட்டது. தேடினாள். ஏரிக்கரையில் அந்த வண்டி நிற்பதைக் கண்டுபிடித்து முந்தாநாள் மதியம் டெய்லரிடம் சொன்னாள். நேற்றுக் காலை லாரிக்காரர் அதே வண்டிக்குள் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். அக்கா இல்லை.

"அக்காவும் இல்லை, சொக்காவும் இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "பொம்பளைத் துணி ஒண்ணுகூட உள்ளே கிடையாது. அவன் தனியாத்தான் இருந்தான். உங்க டெய்லரோட மாப்பிள்ளை ரெண்டு நாளா தலைமறைவு. அவன்தான் தாய்மாமனைப் போட்டுத் தள்ளியிருப்பான். பிடிச்சுடுவோம்."

பார்த்து முடித்த வண்டியை, அதற்கு சோலார் மாட்டிக் கொடுத்த இந்தப் பட்டறையிலேயே இழுத்து வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

"எதுக்கு இப்போ பேட்டரி?" என்றாள் அண்ணி.

"கடையில கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது. தைக்க முடியலை." டெய்லர் மூக்கைத் துடைத்தார். "கையில வேலை இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும், அண்ணி."

அண்ணி பேட்டரிக்காரரைப் பார்த்தாள். "குடுத்துடுங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பல்லையும் குடுத்து பேட்டரியையும் குடுக்கணுமா?"

"பொண்ணைக் குடுத்தவர் அவர்."

பேட்டரிக்காரர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். டெய்லர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். கால்சட்டையின் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி.

"நேரா வீட்டுக்குப் போய்ப் படுங்க," என்றாள் அண்ணி.

"எந்த வீட்டுக்கு? பொண்ணுக்குன்னு ஒண்ணு கட்டினேன். கூரை போட்டதோட நிக்குது. சுவர்கூடப் பூசலை. இனி யாருக்குப் பூசணும்?"

ஸ்கூட்டர் போனது.

"பாவம்," என்றான் சுருட்டை, முழங்காலைத் தடவிக்கொண்டே.

கேரவனுக்குள் முதலில் வரவேற்றது வாசனை. இரண்டு நாள் ரத்தம். சமையல் மேடை, அலமாரிக் கதவு, கூரை வரைக்கும் தெறித்துக் காய்ந்திருந்தது. ஓர் அடியோடு விட்டவன் இல்லை. விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். அலமாரிக் கதவில் முழங்கை நீளத்துக்கு ஒரு பள்ளம். ஜாக்கிக் கம்பியாக இருக்கும் என்றது போலீஸ். கம்பி இன்னும் கிடைக்கவில்லை.

"கோவத்துல அடிச்ச அடி," என்றாள் அண்ணி. "திட்டம் போட்டு வந்தவன் இவ்வளவு சிந்த மாட்டான்."

"திட்டம் போட்டிருந்தா துடைக்கிற துணியாவது கொண்டு வந்திருப்பான்," என்றான் சுருட்டை.

ஈரத் துணியைத் தாடையில் அழுத்திக்கொண்டு பேட்டரிக்காரர் படியில் நின்றார். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார்.

"கூரையில எத்தனை பேனல் மாட்டினீங்க?"

"அஞ்சும்மா. ஒவ்வொண்ணும் நானூறு வாட்."

"காக்கா உட்காரக்கூட இடம் விடலை," என்றான் சுருட்டை.

"பேட்டரி?"

"நாலு. ஒண்ணைக் கொலைகாரன் தூக்கிட்டுப் போயிட்டான். கூடவே இன்வெர்ட்டரையும். ஒண்ணை இப்போ நீங்க தூக்கிக் குடுத்தீங்க."

"சுருட்டை, உள்ளே கரண்ட் குடிக்கிறது என்னென்ன இருக்கு? எண்ணு."

"ஒரு ஃபேன். மூணு லைட்டு. போன் சார்ஜர். இடுப்பு உயரத்துல ஒரு ஃபிரிட்ஜ். டிவிகூட இல்லை. மனுஷன் பாதி சாமியார்."

"இதுக்கு எவ்வளவு போதும்?" என்று படிக்குத் திரும்பினாள்.

"ரெண்டு பேனல், ஒரு பேட்டரி. அதுவே தாராளம்."

"பத்து பேருக்குச் சமைக்கிற பாத்திரத்தை ஒண்டிக்கட்டை எதுக்கு வாங்கினான்?"

"நானும் கேட்டேனேம்மா! மீன் வியாபாரம் பண்ணப் போறேன், பெரிய ஃபிரீசர் வைக்கணும்னார். முந்நூறு வாட் இழுக்கும், ராப்பகலா நிக்காம ஓடும்னு அவரே கணக்குச் சொன்னார். அதை வெச்சுத்தான் போட்டேன். பகல்ல வெயில்ல ஓடணும், ஓடிக்கிட்டே ராத்திரிக்கும் சேர்த்து வைக்கணும். அதுக்குத்தான் அஞ்சும் நாலும். மூணு நாள் மேகம் மூடினா தாங்குமான்னு கேட்டார். ஒரு ராத்திரியும் மறு பகலும் தாங்கும், அதுக்கு மேல இந்தக் கூரையில இடம் இல்லைன்னேன். மனுஷன் முகம் செத்துப் போச்சு. சரி, அதுக்கு வேற வழி வெச்சுக்கிறேன்னார்."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "மீன் வாசனை வருதா, தம்பி?"

"மனுஷ வாசனையே தாங்கலை. இதுல மீனா?"

"ஃபிரீசர் எப்படி ஓடும்? குளிர்ந்ததும் நிக்கும், சூடானதும் ஓடும். நின்னு நின்னு ஓடும். ராப்பகலா நிக்காம ஓடுறது எது?"

"என் மாமியார் வாய்."

"அதுக்குக் கரண்ட் வேணாம். இங்கே வா."

கட்டிலின் ஓரத்தில் தரை முழுக்க ரத்தப் புள்ளிகள். நடுவில் மட்டும் ஒரு சதுரம், மேஜை விசிறி அளவுக்கு, துடைத்து வைத்தாற்போலச் சுத்தமாக இருந்தது. அந்தச் சதுரத்தின் நான்கு மூலையிலும் சின்னச் சக்கரம் அழுத்திய பள்ளம். மேலே சுவரில் ஓர் இரும்பு வளையம், காலியாக.

"அடி விழுந்தப்போ இங்கே ஒரு மெஷின் நின்னுச்சு. ரத்தம் அது மேல தெறிச்சுது. தரையில தெறிக்கலை. அப்புறம் யாரோ உருட்டிட்டுப் போயிட்டாங்க."

"என்ன மெஷின்?"

"சம்பந்தியம்மாவைப் பத்தி டெய்லர் முதல் நாள் சொன்னது ஞாபகம் இருக்கா?"

சுருட்டை யோசித்தான். "பேசினா இளைக்கும், நுரையீரல் பாதி போச்சு, நாலு படி ஏறினா நாலு தடவை உட்காருவாங்கன்னார்…" நிறுத்தினான். "ஆக்ஸிஜன் மெஷின்!"

"காத்துல இருந்து பிரிச்சுக் குழாய் வழியா மூக்குக்கு அனுப்புற மெஷின். அதிகமா குடிக்காது. ஆனா வாயை எடுக்காம குடிக்கும். வளையத்துல இருந்தது சிலிண்டர். மேகம் மூடின நாளைக்கு. துணியை மறைச்சுடலாம், செருப்பை மறைச்சுடலாம், கூரை மேல அஞ்சு பேனலை எங்கே மறைக்கிறது? அக்கா இங்கேதான் இருந்திருக்காங்க, தம்பி. கொலை நடந்தப்பவும்."

பேட்டரிக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மீன் கெட்டுப் போகும்னுதானேம்மா சொன்னார்…"

"கொன்னவன் மெஷின், சிலிண்டர், இன்வெர்ட்டர், ஒரு பேட்டரின்னு எல்லாத்தையும் அவங்களோட சேர்த்து ராத்திரியே ஏதோ ஒரு வண்டியில அள்ளிட்டுப் போயிருக்கான். அப்போ அவங்க சாகக் கூடாதுன்னு நினைக்கிறவன்."

"அப்போ மாப்பிள்ளையேதான்! பெத்த தாயாச்சே."

"ஒளிச்சு வெச்ச தாய்மாமனை அவன் எதுக்குடா கொல்லணும்? அம்மா வாய் திறக்காம இருக்கத்தானே மாமன் பாடுபட்டாரு?"

 

அண்ணி கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். இரண்டு பேட்டரி மிச்சம். கறுப்பு உறை போட்ட குட்டைக் கம்பி ஒன்று கழன்று தொங்கியது. "இது என்ன?"

"இணைப்புக் கம்பிம்மா. ஒண்ணோட மைனஸையும் அடுத்ததோட பிளஸையும் கோக்கிறது. அந்த இன்வெர்ட்டர் பெரிசு. ரெண்டு ரெண்டா கை கோத்தாதான் கண்ணே முழிக்கும். ஒத்தையில மாட்டினா சிவப்பு லைட்டைக் காட்டிக் கீ கீன்னு அழும்."

"ஒரு கை தட்டினா ஓசை வருமா," என்றபடி அண்ணி அந்தக் கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"போடுங்க, போடுங்க. ஏற்கெனவே அது பாதி காயலான் கடை," என்றான் சுருட்டை.

அண்ணி சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப் பாதியில் நின்றது. "அப்போ அவன் தூக்கிட்டுப் போன ஒத்தை பேட்டரில மெஷின் ஓடாது."

"ஓடவே ஓடாது," என்றார் பேட்டரிக்காரர்.

"சிலிண்டர் தீருற வரைக்கும்தான் அவங்களுக்கு மூச்சு. அவனுக்கு இன்னொண்ணு வேணும். இதே கம்பெனி, இதே அளவு…"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி," என்றான் சுருட்டை, குரல் இறங்கி. "வந்தான். அடிச்சான். வாங்கிட்டும் போயிட்டான். சிபாரிசு பண்ணினது நீங்க."

"கரண்ட் போகுது, தைக்க முடியலைன்னாரே. உன்னை உதைச்ச கால் எப்படி இரும்பாச்சுன்னு சொன்னே?"

"மிதிச்சு மிதிச்சு…" சுருட்டை நெற்றியில் அடித்துக்கொண்டான். "மிதிக்கிற மிஷினுக்கு எதுக்குடா பேட்டரி!"

"வண்டி நிக்கிற இடத்தை அவருக்குச் சொன்னதும் நான்தான்," என்றாள் அண்ணி. அப்போதே படியிறங்கிவிட்டிருந்தாள். "கிளப்பு காரை. அவங்களைக் கடையில வெச்சிருந்தா பிளக்கை சுவத்துல சொருகிட்டுப் போயிருப்பார். பேட்டரி தேடுறார்னா அங்கே மீட்டரே இல்லை. கால்ல இருந்த சாம்பல் தூசி சிமென்ட்."

"பூசாத வீடு."

"பொண்ணுக்குக் கட்டின வீடு."

போகும் வழியிலேயே இன்ஸ்பெக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. இரண்டுக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது இவர்கள்தான்.

கதவில்லாத நிலைப்படியில் தார்ப்பாய் தொங்கியது. உள்ளே ஜன்னல் ஓட்டை வழியாக வெயில் செங்கல் சுவரில் விழுந்தது. கீ… கீ… கீ… என்று ஒரு சத்தம், பின்னறையிலிருந்து.

சிமென்ட் மூட்டைகளின் மேல் விரித்த மெத்தையில் சம்பந்தியம்மாள் சாய்ந்து கிடந்தாள். உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. பக்கத்தில் சிலிண்டரின் முள் அடியில் படுத்துவிட்டது. தரையில் இரண்டு பேட்டரிகளும் அருகருகே. டெய்லர் மண்டியிட்டு வயரைத் திருகிக்கொண்டிருந்தார். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இன்வெர்ட்டர் சிவப்பாக அழுதுகொண்டிருந்தது.

"டெய்லரய்யா," என்றான் சுருட்டை. "என் சட்டை ரெடியா?"

டெய்லர் திரும்பிய வேகத்தில் கத்தரிக்கோல் வந்தது. துணி வெட்டுகிற பெரிய கோல். தோளில் நுழைந்து முழங்கை வரைக்கும் சட்டையையும் சதையையும் ஒரே வெட்டாகத் திறந்தது. சுருட்டை கத்தினான். கத்திக்கொண்டே அவர் கழுத்தைப் பிடித்தான். இருவரும் செங்கல் குவியலில் விழுந்து புரண்டார்கள். டெய்லர் அவன் தலைமயிரைப் பிடித்துச் செங்கல்லில் ஒரு முறை மோதினார், இன்னொரு முறை மோதினார். சுருட்டையின் பிடி விட்டது. டெய்லர் எழுந்தபோது மூட்டைக்குப் பின்னாலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவியிருந்தார். நுனியில் பழைய ரத்தம் கறுத்திருந்தது.

கம்பி இறங்கியது. சுருட்டை உருண்டான். தலைக்கு வந்தது விலாவுக்குப் போனது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அண்ணிக்குக் கேட்டது.

அண்ணி அவனிடம் ஓடவில்லை. டெய்லரைத் தாண்டிப் போய் பேட்டரிகளின் முன்னால் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள்.

"தொடாதே!" டெய்லர் அவள் தலைக்கு மேல் கம்பியை ஓங்கினார். "தள்ளு! மண்டையைப் பொளந்துடுவேன்!"

"பொளங்க. அப்புறம் இதை யார் மாட்டுறது?"

கீ… கீ… கீ…

"திங்கட்கிழமை வரைக்கும் அவங்க உயிரோட இருக்கணும்! அதுக்குத்தான், அதுக்கு மட்டும்தான்…"

"அப்போ வயரை விடுங்க. பேட்டரி ரெண்டும் கை கோக்கணும், நீங்க ரெண்டையும் தோளோட தோள் நிறுத்தி வெச்சிருக்கீங்க. எட்டி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

டெய்லர் எட்டி நின்றார். ஓங்கிய கம்பி ஓங்கியபடியே இருந்தது. அண்ணி வயர்களைப் பிரித்தாள்.  பிளஸும் மைனஸும் மாறிவிடாதபடி நிதானமாகச் செய்தாள். குட்டைக் கம்பியால் ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸோடு கோத்தாள். இன்வெர்ட்டரின் இரண்டு வயரையும் இரண்டு ஓரத்தில் மாட்டினாள். ஒரு பொறி தெறித்தது.

அழுகை நின்றது. சிவப்பு பச்சையானது. மெஷின் ஒரு முறை செருமிவிட்டு, புஸ்… புஸ்… என்று மூச்சு விட ஆரம்பித்தது. அதன் வெள்ளைப் பெட்டி மேல் லாரிக்காரரின் ரத்தம் துடைக்கப்படாமல் இருந்தது.

அண்ணி சிலிண்டரிலிருந்து குழாயைப் பிடுங்கி மெஷினில் சொருகினாள். அதற்குப் பிறகுதான் சுருட்டையின் பக்கம் போனாள். முந்தானையைக் கிழித்து அவன் தோளை இறுக்கினாள்.

"இருக்கியாடா?"

"சட்டைதான் போச்சு, அண்ணி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "தைக்கவும் ஆளில்லை."

டெய்லரின் கையிலிருந்து கம்பி விழுந்தது. அது யாருக்காகவும் விழவில்லை, தானாக விழுந்தது.

"கெஞ்சத்தான் போனேன், அண்ணி. காலைப் பிடிக்கத்தான் போனேன். 'உன் பொண்ணு வழுக்கி விழுந்தா, மறந்துட்டுப் போய் வேலையைப் பாரு'ன்னான் லாரிக்காரன். கம்பி அங்கேயே கிடந்தது." தன் கைகளைப் பார்த்தார். "நிறுத்த முடியலை."

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் வந்து விலங்கு மாட்டியபோது டெய்லர் திமிறவில்லை. இழுத்துக்கொண்டு போனபோதுதான் திமிறினார். மூன்று பேர் பிடித்தும் மெத்தைக்கு முன்னால் வந்து விழுந்தார்.

"சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு. கோர்ட்டுல வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. என் பொண்ணு விழுந்தாளா? அவன் தள்ளினானா? நீங்கதான் பார்த்தீங்க. சொல்லுங்க!"

மெஷின் மூச்சு விட்டது. சம்பந்தியம்மாளின் உதட்டில் நீலம் மெல்ல இறங்கியது. குழாயைச் சற்று விலக்கிக்கொண்டு அவள் டெய்லரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பெட்டியின் மேலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு செத்ததையும் பார்த்தேன், என் தம்பி செத்ததையும் பார்த்தேன். எதை முதல்ல சொல்லட்டும், சம்பந்தி?"